ஐந்தாவது டயர்

அந்த வருஷம் மலாக்காவில் கார் வாங்கிய ஆபீஸ் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள், எல்லோருக்கும் பின்னால் ஒரு துரை இருந்தார். சுதந்திரம் வந்து கொடி மாறியதும் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறத் தொடங்கினார்கள். நாற்காலி, நாய், பியானோ என்று தூக்கிக்கொண்டு போக முடியாததையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். என் கணவர் ஜெயபாலனுக்கு நில அலுவலகத்தில் வேலை. அவருடைய துரை ஒரு பழைய மோரிஸ் மைனரை அவர் தலையில் கட்டி, கை குலுக்கி, நன்றாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைக் கட்டிக்கொடுத்தபோது என் அப்பாகூட இவரிடம் அப்படிச் சொல்லவில்லை.

காரைக் குறை சொல்ல மாட்டேன். இஞ்சின் ஒழுங்காக ஓடியது. இருக்கை கிழியவில்லை. டயர்தான் நான்கும் பழனிக்குப் போய் வந்த தலை மாதிரி மொட்டை. முன்சக்கரம் இரண்டிலும் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் துணியே தெரிந்தது. அதைக் காட்டினால், ஊருக்குள் ஓட்ட இது போதும் என்பார். நான் போக வேண்டிய இடம் ஊருக்குள் இல்லை.

எனக்கு அப்போது ஏழாவது மாதம். என் அம்மா சிகாமட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பா காலில் அடிபட்டுப் படுத்திருந்ததால் வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான். அவளால் மலாக்காவுக்கு வந்து என்னைப் பார்த்துக்கொள்ள முடியாது. இதற்கு முன்னால் ஒன்று வயிற்றில் தங்கி, ஐந்தாம் மாதத்தில் மலாக்கா காஜா பேராங் பகுதியில் இந்த வாடகை வீட்டிலேயே கலைந்துபோனது. மூன்று பஸ் மாறி அம்மா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். இந்த முறை அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் பெறுவேன் என்று முடிவு செய்திருந்தேன். அதில் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

என் மாமியார் பாக்கியலட்சுமிக்கு இது பிடிக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு துப்பாக்கிச் சத்தம் கேட்கிற ஊருக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. சிகாமட் பக்கம் கறுப்பு வட்டாரம். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. காட்டுக்காரர்களுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று ஒரு பிடி அரிசியைக்கூட வண்டியில் கொண்டுபோக விடமாட்டார்கள். மலாக்கா எப்போதோ வெள்ளை வட்டாரமாகிவிட்டது. இங்கே இருப்பவர்களுக்கு அந்தக் கெடுபிடியெல்லாம் மறந்தே போயிருந்தது. அந்தச் சாலையில் டயர் வெடித்து, இந்த வயிற்றோடு ரப்பர்க் காட்டுக்கு நடுவில் நிற்பதை நினைத்தால் எனக்கே பயமாக இருந்தது.

கடைசியில் மாமியார் ஒரு வழிக்கு வந்தார். போவதென்றால் எட்டு பிறப்பதற்குள் போய்விட வேண்டும். எட்டாம் மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சி பயணம் போகக்கூடாது. ஒன்பதில் போகலாம் என்றால் அது வழியிலேயே பிறந்துவிடும். அவர் கணக்கில் வெள்ளிக்கிழமை எட்டு பிறந்தது. திங்கட்கிழமை வளைகாப்பு முடிந்து கை நிறைய கண்ணாடி வளையலோடு நான் நின்றேன். கார் நான்கு மொட்டைகளோடு நின்றது.

நல்ல கம்பெனி டயர் புதிதாக நான்கு வாங்க எங்களுக்கு வசதி இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனாலும் எரிச்சலாக இருந்தது. விடியும் முன்னே எழுந்து என் அம்மா எடுக்கிற பால் கப்பலேறிப் போய், டயராகித் திரும்பி வரும்போது அம்மாவின் மகளால் அதை வாங்க முடியவில்லை. இதை இவரிடம் சொன்னேன். அதற்கு நான் என்ன செய்வேன் என்றார். அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் என் எரிச்சலே.

அலுவலகத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்லி அனுப்பியிருந்தார்கள். பட்டாளத்தார் கழித்த பழைய டயர் மலிவாகக் கிடைக்கும் என்றார் ஒருவர். செலுப் டயர் போடு என்றார் இன்னொருவர். தேய்ந்த டயரின் உடம்பின்மேல் புது ரப்பரை ஒட்டி வேகவைத்து எடுப்பதுதான் செலுப். பார்த்தால் புதிது மாதிரியே இருக்கும், விலையில் பாதிகூட வராது. இவர் செவ்வாய்க்கிழமை முழுக்க செலுப், செலுப் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். புதன்கிழமை கடைக்குக் கிளம்பியபோது நானும் கூட வருகிறேன் என்றேன். டயர்க் கடைக்குப் பொம்பளையா என்று மாமியார் முகத்தைச் சுளித்தார். பிறகு, பணம் வீணாகிவிடுமோ என்ற கவலையில் அவரும் கிளம்பிவிட்டார்.

அவர் காரில் ஏறியதற்கு வேறு காரணமும் இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். கார் வீட்டுக்கு வந்த அன்றே மாமியார் அதைக் கம்போங் செட்டி அம்மன் கோயிலுக்கு ஓட்டச் சொன்னார். துரைமார் அதில் என்னென்ன இறைச்சியை ஏற்றினார்களோ, யார் யாரை ஏற்றினார்களோ, அந்தத் தோஷம் போக வேண்டாமா என்றார். அர்ச்சனை முடிந்ததும் ஒரு மஞ்சள் துணி முடிச்சை அவரே கொண்டுபோய்ப் பின்பெட்டியின் அடிப்பலகைக்குக் கீழே வைத்தார். ஒரு மண்டலம் முடியும்வரை அந்தப் பலகையை யாரும் தொடக்கூடாது, முடிச்சு காரை விட்டு இறங்கவும் கூடாது. தொட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். என் வயிற்றை ஒரு தரம் பார்த்துவிட்டு அவர் காரில் ஏறிக்கொண்டார். அதன் பிறகு நானும் கேட்கவில்லை. மண்டலத்தில் பாதிகூட இன்னும் ஆகவில்லை. கார் எங்கே போனாலும் காவலுக்கு அவரும் கூடவே போனார்.

அப்துல் அஜீஸ் நானாவின் டயர்க் கடை எங்கள் தெருவைத் தாண்டி மெயின் ரோட்டில் இருந்தது. நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், மலாக்காவில் இரண்டு தலைமுறையாக வியாபாரம். வாசலில் டயர்களை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தோட்டத்தில் பிறந்தவள், ரப்பர் வாசனையில் வளர்ந்தவள், நமக்குத் தெரியாததா என்ற தைரியத்தில் நான் டயர்களைக் கத்தரிக்காய் மாதிரி அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் கறுப்பாக, எல்லாம் கெட்டியாக இருந்தன. நானா சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

எங்கே பயணம் என்று கேட்டார். சொன்னோம். அவர் முகம் மாறிவிட்டது. நான்கையும் செலுப் போட்டுத் தர எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது, லாபமும் எனக்குத்தான், ஆனால் வேண்டாம் என்றார்.

"பின்னாடி ரெண்டுக்கும் செலுப் போடுங்க, பயமில்ல. முன்னாடி மட்டும் புதுசு போடுங்க தம்பி. பின்னாடி வெடிச்சா வண்டி ஆடும், புடிச்சு நிறுத்திரலாம். முன்னாடி வெடிச்சா அது எந்தப் பக்கம் இழுக்குமோ அல்லாவுக்குத்தான் தெரியும். புள்ளத்தாச்சிய வெச்சுக்கிட்டு அந்த வேலை எதுக்கு?"

பெயர்பெற்ற கம்பெனி வேண்டாம், அதிகம் பேர் கேட்டிராத ஒரு கம்பெனியின் புது டயர் இருக்கிறது, விலை தாங்கும், உழைக்கும், என் சொந்த வண்டிக்கும் அதுதான் என்று காட்டினார். இவர் மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எனக்கு அப்போதே பாதிப் பாரம் இறங்கியது. இரண்டு செலுப், இரண்டு புதிது. முடிந்தது வேலை என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

நானா உள்ளே போய் வெகுநேரம் உருட்டினார். கையில் ஒன்றே ஒன்றோடு வந்தார். இந்த அளவில் இருந்தது இது மட்டும்தான். இன்னொன்று சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். ஒரு வாரம் ஆகும். ஊரில் வேறு கடையில் பார்க்கலாமே என்று இவர் கேட்டார். அங்கே கம்பெனி டயர்தான் கிடைக்கும், அந்த விலைக்கு நீங்கள் பாதிக் காரை விற்க வேண்டும் என்றார் நானா. அப்படியானால் முன்னால் ஒரு புதிதும் ஒரு செலுப்புமாகப் போட்டுவிடலாம் என்று இவர் ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அழுகை முட்டியது. நாற்பது ஐம்பது டயர்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஒரு டயர் இல்லாததற்காக அழப்போகிறோமே என்று கோபமும் வந்தது. ஒரு வாரம் போனால் எட்டு பிறந்துவிடும். மாமியார் காரின் பின்சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் நினைத்தபடியே நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

நானா காரைச் சுற்றி வந்தார். நான்கு சக்கரத்தையும் குனிந்து பார்த்தார். எண் பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். இது அந்த நில அலுவலகத்துத் துரையின் வண்டியா என்று கேட்டார். ஆமாம் என்றோம்.

"போன நோன்புக்கு முன்னால துரைக்கு நான் புதுசா ஒரு டயர் வித்தேனே தம்பி. கம்பெனிச் சரக்கு. இந்த நாலுல அது இல்ல. அப்ப அது எங்க போச்சு?"

ஸ்பேர் எங்கே என்று நானா கேட்டார். பின்பெட்டியின் அடிப்பலகைக்குக் கீழே இருக்கும், அதுவும் மொட்டையாகத்தான் இருக்கும் என்று நினைத்துத் திறந்தே பார்க்கவில்லை என்றார் இவர். சரி, இப்போது பாருங்கள் என்றார் நானா. இவர் நகரவில்லை. பூட்டு கெட்டுவிட்டதா என்று கேட்டார் நானா. இவர் பின்சீட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

நான் எழுந்து கார் கதவருகே போனேன். அந்தப் பலகைக்குக் கீழே என்ன இருந்தது என்று கேட்டேன். ஒரு சக்கரம் கிடந்தது, அதன்மேல்தான் முடிச்சை வைத்தேன் என்றார் மாமியார். புதிதா, பழையதா என்றேன். கறுப்பாக இருந்தது என்றார். இத்தனை நாளும் எங்கள் வீட்டில் யாரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

"பலகையத் தூக்கணும் அத்தை."

"மண்டலம் முடியல. பாதியில எடுத்து, போன தடவ மாதிரி ஆயிட்டா என்ன பண்றது? சொல்லு."

அவர் குரல் நடுங்கியது. இத்தனை நாளும் அதை நான் பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன். அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். என் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கும் அந்த ஐந்தாம் மாதம்தான் ஞாபகம் வந்திருக்கிறது. ஆனாலும் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"போன தடவ நான் எங்கயும் போகலையே அத்தை. உங்க பக்கத்துலதான இருந்தேன்."

கடையில் இருந்த எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். மாமியார் தாமே கதவைத் திறந்து இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பெட்டிக்குப் போனார். மகன் உதவப் போனதற்கு, நீ தொடாதே என்றார். பலகையைத் தூக்கி, முடிச்சை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பவும் பின்சீட்டில் வந்து உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். முடிச்சு காரை விட்டு இறங்கக்கூடாதாம். அதனால் சிகாமட்டுக்கு அவரும் வருவாராம். அவ்வளவுதான் சொன்னார்.

நானா ஸ்பேரை வெளியே இழுத்தார். வெயிலில் போட்டதும் எனக்கே தெரிந்துவிட்டது. அச்சிலிருந்து எடுக்கும்போது நிற்குமே, அந்த ரப்பர் முடிகள்கூட இன்னும் உதிரவில்லை. தரையையே பார்க்காத டயர். எங்கள் வீட்டு வாசலிலேயே இத்தனை நாளும் அது கிடந்திருக்கிறது. நானா சிரிக்கத் தொடங்கினார். இவரும் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எனக்கு மூச்சு நெஞ்சுக்குள் முழுசாக இறங்கியது. முன்னால் துரையின் டயர் ஒன்று, நானாவின் புது டயர் ஒன்று, பின்னால் இரண்டு செலுப், மொட்டைகளில் கொஞ்சம் முடியுள்ளது ஸ்பேருக்கு. விலையும் பேசியதைவிடக் குறைந்தது. பிள்ளை பிறந்ததும் சொல்லி அனுப்பு தங்கச்சி என்றார் நானா.

மறுநாள் காலையில் கிளம்பினோம். வளைகாப்புக்குச் செய்த பலகாரத்தில் அரிசி சேராததை மட்டும் எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டிலிருந்து வந்த புளிசாதப் பொட்டலத்தைக்கூட வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். அந்தச் சாலையின் சட்டம் எனக்குத் தெரியும். ஒரு பால் டின் அளவு அரிசிக்காக எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் ஜெயிலுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஜாசின் தாண்டியது, தங்காக் தாண்டியது. கார் தொட்டில் மாதிரி போனது. இவர் ஒவ்வொரு வளைவிலும், எப்படிப் பிடிக்கிறது பார்த்தாயா என்று டயரைப் புகழ்ந்துகொண்டே வந்தார், அவரே கண்டுபிடித்த மாதிரி. நான் கால் நீட்டித் தூங்கிப் போனேன். கார் நின்றதும் விழித்தேன். சாலைக்குக் குறுக்கே கம்பு. சோதனைச் சாவடி.

போலீஸ் மாத்தா ஒருவர் பின்பெட்டியைத் திறந்து பார்த்தார். டயரைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. பெண்களைச் சோதிக்க ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். என்னைத் தொட்டும் தொடாமலும் பார்த்துவிட்டு மாமியாரிடம் போனாள். மடியில் இருந்த முடிச்சைக் காட்டி, அது என்ன என்று கேட்டாள். சாமி சாமான் என்றார் மாமியார் மலாய் மொழியில். அவிழ்க்கச் சொன்னாள். மாமியார் தயங்கித் தயங்கி அவிழ்த்தார்.

காய்ந்த எலுமிச்சம்பழம் ஒன்று. விரலி மஞ்சள். ஒரு காசு. இவற்றுக்கு அடியில் ஒரு பிடி மஞ்சள் அரிசி.

புளிசாதத்தை விட்டுவிட்டு வந்த புத்திசாலி நான், அந்த முடிச்சுக்குள் என்ன என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மாமியாருக்குத் தோன்றியிருக்காது. அவருக்கு அது அரிசியே இல்லை, அட்சதை. மலாய்ப் பெண் சாவடியைத் திரும்பிப் பார்த்தாள். அரிசி என்றால் சார்ஜெண்டிடம் சொல்லியாக வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். இவர் முகம் வெளுத்துவிட்டது.

மாமியார் காரை விட்டு இறங்கினார். அந்த அரிசி முழுவதையும் கையில் அள்ளிக்கொண்டு என் பக்கத்துக் கதவுக்கு வந்தார்.

"தலையக் குனி, ஆயி."

குனிந்தேன். அந்த ஒரு பிடியையும் என் தலையில் போட்டார். அரிசி என் முடிக்குள்ளும் தோளிலும் வளையல்களுக்கு நடுவிலும் விழுந்தது. நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து வா என்று சொன்னார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் வந்தது. கல்யாணமான இந்த இரண்டு வருஷத்தில் அவர் என் தலையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

மலாய்ப் பெண் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர்கள் கல்யாணத்திலும் மஞ்சள் அரிசி தூவுவார்கள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பழத்தையும் விரலி மஞ்சளையும் காசையும் எடுத்துவிட்டு மஞ்சள் துணியை உதறிக் காட்டி, அரிசி எதுவும் இல்லை என்று சாவடிப் பக்கம் குரல் கொடுத்தாள். கம்பு மேலே போனது.

மத்தியான மணி அடிப்பதற்குள் தோட்டத்துக்கு வந்துவிட்டோம். அம்மா வேலைத் துணியைக்கூட மாற்றாமல் லயத்து வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டவள், தலையைத் தடவியபோது நிறுத்தினாள். முடிக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் அரிசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அரிசியைக் கொண்டுவர விட்டார்களா, யார் போட்டது என்று கேட்டாள்.

"அத்தை," என்றேன்.

அம்மா காரைப் பார்த்தாள். மாமியார் அரிசியில்லாத முடிச்சை இன்னும் மடியில் வைத்துக்கொண்டு, மண்டலம் முடியவில்லை என்று பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா போய்க் கதவைத் திறந்து, அவர் கையைப் பிடித்து, உள்ளே வாங்க சம்பந்தி என்று இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தாள்.